பூங்கா இருக்கையில் நேர்ந்த மாற்றம்

ஆர். எல். ஸ்டீவன்சன் 1886-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெக்கில், ஹைடு கதையை, நல்லவன் ஒருவனும் தீயவன் ஒருவனும் ஓருடலில் குடியிருந்த கதை என்றே நாம் சொல்லி வருகிறோம். நூலை ஊன்றிப் படிப்போர்க்கு இக்கூற்று நிலைக்காது.

டாக்டர் ஜெக்கில் அருந்தும் மருந்து தீமைக்கு மட்டுமே தனி உருவம் தருகிறது. தூய நன்மையின் உருவம் கதையில் எங்கும் வருவதில்லை. ஹைடு மறையும்போது எஞ்சுபவர், நன்மையும் தீமையும் கலந்த பழைய ஜெக்கிலே. ஊரார் போற்றும் பெரியவராகவும் இருக்க வேண்டும், மறைவான இச்சைகளையும் விடலாகாது என்பதே அவர் விருப்பம். அவர் வீட்டிற்கும் பொலிவான முகப்பு ஒன்று, ஹைடு புழங்கும் பாழடைந்த பின்கதவு ஒன்று.

இத்தகைய இரட்டை வாழ்வுக்கு ஸ்டீவன்சன் பிறந்த எடின்பரோவிலேயே முன்மாதிரி இருந்தது. பகலில் மதிப்புமிக்க தச்சராகவும் நகர மன்றத்தினராகவும் விளங்கி, இரவில் கன்னமிட்ட வில்லியம் பிராடி 1788-இல் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றி ஸ்டீவன்சன் நண்பர் ஹென்லியுடன் நாடகமும் எழுதினார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹாக் 1824-இல் எழுதிய நாவலிலோ, மீட்புக்கெனத் தான் முன்னரே தெரிந்துகொள்ளப்பட்டவன் என்ற இறுமாப்பே ஒருவனைக் கொலைக்கு இட்டுச் செல்கிறது.

அந்த இறுமாப்பை ஸ்டீவன்சனிடமும் காண்கிறோம். சர் டேன்வர்ஸ் கேருவை ஹைடு அடித்துக் கொன்றபின் ஜெக்கில் மருந்தைத் தொடாமல், துன்புறுவோர்க்கு உதவி வாழ முயல்கிறார். இடையில், ஜெக்கிலாகவே இருந்து ஒருமுறை மறைவில் தவறுகிறார்; அப்போது ஹைடு வரவில்லை. பின்பு ரீஜண்ட் பூங்காவில் இளவெயிலில் அமர்ந்து, தம் நற்செயல்களையும் பிறரின் அக்கறையின்மையையும் ஒப்பிட்டு உள்ளம் நிறைகிறார். அந்த நொடியிலேயே, மருந்தின்றி ஹைடாக மாறுகிறார். கோவிலில் வரிதண்டுபவரைக் காட்டித் தம்மை உயர்த்திக்கொண்ட பரிசேயரை இங்கு நாம் நினையாதிருக்க இயலுமோ? 1931-இல் வந்த திரைப்படத்தில், பூனையொன்று பறவையைக் கொல்வதைக் கண்டு ஜெக்கில் மாறுகிறார். காட்சி அழகுதான்; ஆனால் கதையின் உயிர்நிலை கைநழுவிவிட்டது.

இறுதி இயல் ஜெக்கிலின் எழுத்து வாக்குமூலம். குற்றங்களை ஒத்துக்கொள்கிறார். ஆயினும் ஹைடின் செயல்களைக் கூறுங்கால் 'நான்' என்பது 'அவன்' ஆகிவிடுகிறது. தன்மையில் எழுதத் தமக்கு இயலவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். பாவ அறிக்கையில் பழகிய நாம் அவ்வரியில் சற்று நின்றே மேலே படிக்கிறோம். ஸ்டீவன்சன் அங்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.