நான்காவது ஆணி

ஏசுவை அறைவதற்கு ஆணி அடித்துக் கொடுத்தவன் ஒரு ஜிப்சிக் கொல்லனாம்! நான்காவது ஆணி, எவ்வளவு நீர் ஊற்றியும் தணியாது கனன்று அவனைத் துரத்திற்றாம். அன்று ஓடத் தொடங்கிய குலந்தான் இன்னும் அலைகிறதாம். ரோமானி மக்களைப் பற்றி ஐரோப்பாவில் வழங்கும் கதை இது.

கணக்கிட்டுப் பார்ப்போம். அம்மக்கள் இந்தியாவை விட்டுப் பெயர்ந்து ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அவர்தம் மொழியே அதற்குச் சான்று. சிலுவைக்கு அவர்கள் வழங்கும் 'துருஷுல்' என்னும் சொல், திரிசூலத்தின் வழிவந்தது என்பர் மொழிநூலார். ஏசு மாண்ட நாளில் எருசலேமில் இவர்களுக்கு ஏது உலைக்களம்?

கதை பொய், ஆனால் பயனற்ற பொய்யன்று. வாலாக்கியாவிலும் மால்தாவியாவிலும் 14-ஆம் நூற்றாண்டு முதல் 1850-கள் வரை இம்மக்கள் அடிமைகள். உடைமையாளர் யார்? அரசர், பிரபுக்கள் மட்டுமா? மடாலயங்களும்! அருள் பேசும் மடத்துக்கு அடிமை எதற்கு என்று கேட்பவன் வாயை அடைக்கச் 'சாபம்' எத்துணை வசதியான விடை! பூர்வஜன்ம வினை என்னும் சரக்கை அறிந்த நமக்கு இது புதிதன்று.

ரோமானி மக்களும் வாளாவிருக்கவில்லை. நான்காவது ஆணியை ஜிப்சி ஒருவன் திருடி ஏசுவின் வேதனையைக் குறைத்தான், அதனால் களவுக்கு இறைவனின் அனுமதி கிடைத்தது என்று கதையைத் திருப்பினார்கள். அக்குறும்பை நாம் சுவைக்கிறோம். ஆயினும், திருடன் என்ற பழியைத் துடைக்காமல் அதற்கே தெய்வ முத்திரை தேடுவது விடுதலையாகுமா? பெண்ணின் பாவாடை பட்டால் தீட்டு என்னும் 'மரிமே' வழக்கமும் அவர்களுள் பல குழுக்களில் உண்டு. ஒடுக்கப்பட்டோரின் வழக்கம் என்பதற்காக நாம் அதற்குச் சலுகை காட்டுவதற்கில்லை.

'சபிக்கப்பட்ட குலம்' என்று சொல்லிப் பழகிய அக்கண்டத்தில், 1944 ஆகஸ்டு 2 இரவு, ஆஷ்விட்சில் ஆயிரக்கணக்கான ரோமானி மக்களை நாஜிகள் நச்சுவாயுவால் கொன்றனர். நாஜிகள் அம்மக்களுக்கு இழைத்தது இனப்படுகொலையே என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது 1982-இல்.