யாரைக் கேட்டார்கள்?

டி. கல்லுப்பட்டிப் பக்கம் வரப்புத் தகராறு என்றால் சர்வேயர் வருவார். அளப்பதற்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரருக்கும் நோட்டீஸ் போகவேண்டும். கல்லை நட்டுவிட்டு அப்புறம் தகவல் சொன்னால் ஊர் சும்மா விடுமா? தேசங்களுக்கு இந்த விதி கிடையாது போலிருக்கிறது.

1974-ல் இந்திரா காந்தி இரண்டு எல்லை ஒப்பந்தங்கள் போட்டார். மே மாதம் வங்கதேசத்து முஜிபுர் ரஹ்மானோடு ஒன்று. ஜூனில் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயகவோடு இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

முதலாவதில் சிக்கல் அதிகம். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டு நிலங்கள். நமக்குள் அவர்களுடையவை 51. தஹாலா காக்ராபாரி என்று ஒரு வயல். வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மறுபடி இந்தியா! அரை லட்சம் ஜனங்கள் எந்த அரசாங்கமும் எட்டிப் பார்க்காமல் தவித்தார்கள். தீர்வுக்கு 41 வருஷம் ஆனது. அந்தத் தாமதத்துக்குச் சமாதானமே கிடையாது. ஆனால் 2015-ல் நூறாவது அரசியல் சட்டத் திருத்தம் பார்லிமென்ட்டில் நிறைவேறியது. 'எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க இஷ்டம்?' என்று அந்த ஜனங்களைக் கேட்டார்கள். ஜூலை 31 நள்ளிரவில் நிலம் கைமாறியது. பிரச்னை முடிந்தது.

இரண்டாவது, கச்சத்தீவு. 285 ஏக்கர். குடியிருப்பு இல்லை, ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. இங்கே சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் முன்போல வந்துபோகலாம் என்றது ஒப்பந்தம். சரி, மீன் பிடிக்கலாமா? அந்த ஷரத்தில் அந்த வார்த்தையே இல்லை. 1976-ல் கடிதம் மூலம் பதில் வந்தது: ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியில்லாமல் பிடிக்கக்கூடாது. ராமேஸ்வரத்து மீனவரை யாரும் கேட்கவில்லை. இது முடியவும் இல்லை.

தீவை மீட்கவேண்டும் என்று 2025 ஏப்ரலில்கூட நம் சட்டசபை தீர்மானம் போட்டது. மீட்டாலும் வலைச் சண்டை ஓயுமா என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழர்தான். 2009-ல் யுத்தம் முடிந்து கடலுக்குத் திரும்பியவர், கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் நம் இழுவைமடிப் படகுகளைப் பார்த்தார். கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, தனக்குச் சோறு போடுவதையே அழித்துப் பிழைப்பதை ஒட்டுண்ணிப் பொருளாதாரம் என்றார். இழுவைமடிக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

2014-ல் இரு தரப்பு மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். 1974-லேயே நடந்திருக்கவேண்டிய கூட்டம் அது. தேர்தல் மேடைகளில் கச்சத்தீவுக்குக் கைதட்டல் நிச்சயம். அந்த மாதிரிக் கூட்டத்துக்குக் கைதட்ட ஆளில்லை. ஆனால் தீர்வு அங்கேதான் கிடைக்கும்.