தண்ணீர்க் கணக்கு எப்படி வணிக ரகசியம் ஆகும்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் த டேல்ஸ் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 16,000. சுற்றிலும் செர்ரித் தோட்டங்களும் கோதுமை வயல்களும். ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்டது அலுமினிய ஆலை. அது மூடியபிறகும் அணைக்கட்டின் மலிவான மின்சாரம் மிச்சம் இருந்தது. கூகுள் 2006-ல் அங்கே தரவு மையம் திறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் தொழிலில் 'கிளவுட்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கடைசியில் அது ஏதோ ஒரு ஊரில் சூடாகிக்கொண்டிருக்கும் சர்வர்கள்தான். தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணித்தால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ஆவியான தண்ணீர் ஊர்க் குழாய்க்குத் திரும்பாது.

சரி, எவ்வளவு தண்ணீர்? 2021-ல் 'தி ஓரிகோனியன்' பத்திரிகை இதைத்தான் கேட்டது. வணிக ரகசியம், தர முடியாது என்றது நகராட்சி. கொடுக்கத்தான் வேண்டும் என்றார் மாவட்ட அரசு வழக்கறிஞர். உடனே நகராட்சி என்ன செஞ்சது தெரியுமா? கேட்ட பத்திரிகை மேலேயே வழக்குப் போட்டது! வழக்குச் செலவை ஏற்றுக்கொண்டது கூகுள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2021 நவம்பரில், புதிய தரவு மையங்களுக்கான தண்ணீர் ஒப்பந்தத்தை நகரமன்றம் நிறைவேற்றியது. கணக்கு வெளியே வந்தது 2022 டிசம்பரில், சமரசத்துக்குப் பிறகு. ஊரின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல் தரவு மையங்களுக்கே போகிறது. ஐந்தாண்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயர்வு.

கூகுள் தரப்பையும் சொல்லணும். குடிநீர்க் கட்டமைப்புக்கு 2.85 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பழைய ஆலை நிலத்தோடு வந்த நீர் உரிமையையும் நகராட்சிக்குக் கொடுக்க முன்வந்தது. வேலை, வருமானம் இரண்டும் வந்தது உண்மை. ஆலை மூடிய ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கணக்கைப் பார்த்திருந்தாலும் மக்கள் 'சரி, வரட்டும்' என்றே சொல்லியிருக்கலாம்.

என் குறையே அதுதான். சொல்லும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் குளிர்பானத்தின் செய்முறை வணிக ரகசியம், ஒத்துக்கொள்ளலாம். ஊர்ப்பொதுத் தண்ணீரின் மீட்டர் கணக்கு எப்படிங்க ரகசியமாகும்? அக்கம்பக்கத்துச் செர்ரி விவசாயி, தன் கிணறு வற்றுமா என்று கணக்குப் போட அந்த எண்தானே வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், 2022 இறுதியில் கூகுளே தன் அமெரிக்க மையங்களின் நீர்ப் பயன்பாட்டை மையவாரியாக வெளியிட்டது. அதனால் தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. அப்படியென்றால் அந்த ரகசியம் போட்டி நிறுவனங்களிடமிருந்து காக்கப்பட்டதா, ஊர்க்காரர்களிடமிருந்தா?

பெரிய நிறுவனம் வரும்போது எத்தனை பேருக்கு வேலை என்று எல்லா ஊரும் கேட்கும். தண்ணீர்க் கணக்கை வருஷாவருஷம் வெளியிடுவீர்களா என்பதையும் கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்கணும். கையெழுத்து ஆனபிறகு கேட்டால், பதில் கிடைக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.