கோழைப் போலீசும் கோபக்காரப் பாதிரியாரும்

2019 ஜனவரியில் தென்கொரியாவில் 'பர்னிங் சன்' விவகாரம் வெடித்தது. சியோலின் காங்னம் பகுதியில் இருந்த அந்த இரவு விடுதியில் வாடிக்கையாளர் ஒருவர் தாக்கப்பட்டதாகத் தொடங்கிய செய்தி, தோண்டத் தோண்டப் போதைமருந்து, பாலியல் குற்றம், விடுதிக்கு வேண்டிய போலீஸ் அதிகாரிகள் என்று விரிந்துகொண்டே போனது. பிப்ரவரியில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 'தி ஃபைரி பிரீஸ்ட்' என்ற நகைச்சுவைக் குற்றத்தொடர் தொடங்கியது. கொஞ்ச நாளில் அந்தக் கதைக்குள் 'ரைசிங் மூன்' என்றொரு இரவு விடுதி முளைத்தது. எரியும் சூரியன் உதிக்கும் நிலவாக மாறியது ஏன் என்று கொரியப் பார்வையாளர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்வையாளர் விகிதம் 20 சதவீதத்தைத் தாண்டியது.

கதை நடக்கும் கூதாம் ஒரு கற்பனை வட்டாரம். வட்டாரத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், மூத்த அரசு வழக்கறிஞர், காவல் தலைவர், உள்ளூர் தாதா எல்லாரும் அங்கே ஒரே கூட்டணி. முதிய பாதிரியார் ஒருவர் கொல்லப்படுகிறார். அவர்மீது பாலியல் புகாரைச் சுமத்தி, தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அதைத் திறக்க வருபவர் கிம் ஹேயில்: முன்னாள் உளவுத்துறை ஆள், இந்நாள் பாதிரியார், கோபம் வந்தால் கை கால் பேசும். மறுவிசாரணையைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனதும், காரியத்தைக் கெடுப்பதற்கென்றே அவரோடு சேர்த்துவிடப்படுகிறார் துப்பறிவாளர் கூ தேயோங்.

தொடரின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தக் கூ தேயோங்தான். கிம் சங்க்யூன் நடித்திருக்கும் இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும், எதையும் செய்யமாட்டார். தாதாவின் முன்னால் குழைவார், மேலதிகாரியின் முன்னால் வளைவார், இளைய அதிகாரி நியாயம் பேசினால் எரிந்து விழுவார். முதலில் சிரிக்கிறோம். தன்னோடு வேலை பார்த்த இளைஞன் கொல்லப்பட்ட பிறகு ஒடுங்கிப் போனவர் அவர் என்று தெரியவரும்போது, சிரித்ததன் கணக்கு வேறாகிறது. கறாரான போலீஸ் கதைகள் பெரும்பாலும் நேர்மையானவரையும் விலைபோனவரையும் எதிரெதிரே நிறுத்தும். இரண்டுக்கும் நடுவில், பயத்தோடு மாதச் சம்பளம் வாங்கும் ஆளை அருகில் போய்ப் பார்க்க வைப்பது நகைச்சுவைக்குத்தான் கைவருகிறது. ஒரு காவல் நிலையம் விலைபோக எல்லாரும் கொடியவர்களாக இருக்கவேண்டியதில்லை, சிலர் கொடியவர்களாகவும் மற்றவர்கள் கூ தேயோங்காகவும் இருந்தால் போதும்.

அதே ஆண்டு ஜனவரியில் வெளியான 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' திரைப்படமும் இந்த வழியில்தான் வென்றது. கண்காணிப்புக்காகக் கோழிவறுவல் கடையை எடுத்து நடத்தும் போதைத் தடுப்புப் பிரிவினர், வியாபாரம் சூடுபிடித்ததும் வந்த வேலையை மறந்துபோகிறார்கள். 1.6 கோடிக்கும் மேல் நுழைவுச்சீட்டுகள் விற்றன. அந்தச் சிரிப்புக்குள் இருந்தது, உயிரைப் பணயம் வைக்கும் உத்தியோகத்தைவிடக் கோழி மேலோ என்ற கேள்வி.

'தி ஃபைரி பிரீஸ்ட்' சறுக்கும் இடத்துக்கு, அதில் வரும் சோங்சாக் நல்ல உதாரணம். தாய்லாந்திலிருந்து வந்து, சீன உணவகத்தில் உணவு கொண்டு கொடுக்கும் வேலை செய்பவர். அடியாள் ஒருவன் அவரை ஓயாமல் சீண்டுகிறான். வெளிநாட்டுத் தொழிலாளியை நடத்தும் விதத்தைத் தொடர் கூச்சமில்லாமல் காட்டுகிறது. அந்த மட்டில் சரி. பிறகு அவர் அரச மெய்க்காவலராக இருந்த முவே தாய் வீரர் என்று தெரியவருகிறது, அடியாளைப் புரட்டி எடுக்கிறார், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. வெறும் உணவு கொண்டுவரும் ஆளாகவே இருந்திருந்தால் அவருக்கு எந்த மரியாதை கிடைத்திருக்கும்? தொடரிடம் பதில் இல்லை. அடிக்கத் தெரிந்தவனுக்கே அங்கே கண்ணியம்.

இதுவே பெரிய அளவில் கதாநாயகனுக்கும் பொருந்துகிறது. ஹேயில் உதைத்து உண்மையை வாங்குகிறார், நாம் கைதட்டுகிறோம். 1987இல் பார்க் ஜோங்சொல் என்ற மாணவர் சியோலின் நம்யோங்தோங் விசாரணைக் கூடத்தில் சித்திரவதையில் இறந்தார். மேசையைத் தட்டியதும் விழுந்து செத்துவிட்டார் என்று போலீஸ் சொன்ன பொய், நாட்டைத் தெருவுக்கு இழுத்து வந்து ஜனநாயகத்தின் கதவைத் திறக்க வைத்த காரணங்களில் ஒன்று. அப்படிப்பட்ட நாட்டில், முன்னாள் உளவாளியின் அடி விசாரணை வேடிக்கையாவது சின்ன விஷயமல்ல. ஹேயிலின் பழைய பணியில் குழந்தைகள் இறந்ததையும் அந்தக் குற்றவுணர்வு அவரைத் தின்பதையும் தொடர் மறைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உறுத்தல் அவருடைய கோபத்துக்குக் காரணம் சொல்ல உதவுகிறதே தவிர, ஓங்கிய கையைத் தடுப்பதில்லை.

இது கேலிக்கதை, யாரும் நம்பப் போவதில்லை என்று வாதிடலாம். உதை கற்பனை என்பது பார்ப்பவருக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயை நாளிதழிலிருந்து எடுத்துக்கொண்டு மருந்தை மட்டும் கார்ட்டூனிலிருந்து தருவதில்தான் சிக்கல். நிஜத்தில், பர்னிங் சன் வழக்கில் 'போலீஸ் தலைவர்' என்று அரட்டைக் குழுவில் சுட்டப்பட்ட உயரதிகாரிக்கு 2021இல் மேல்முறையீட்டில் கிடைத்தது 2 கோடி வொன் அபராதம். சாட்சி, ஆவணம், மேல்முறையீடு என்று நகரும் நியாயம் எவ்வளவு மெதுவானது, எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லவும் வழி இருக்கிறது. தொடரின் எழுத்தாளர் பார்க் ஜேபம் எதிர்த்திசையில் போனார். 2021இல் வந்த அவருடைய 'வின்சென்சோ'வில் மாஃபியா வழக்கறிஞர் கதாநாயகனே வில்லன்களைக் கொடூரமாகத் தீர்த்துக்கட்டுகிறார். 2024இல் பாதிரியார் இரண்டாம் பருவத்துக்காகப் பூசானுக்குப் போனபோதும், போதைக் கும்பலை வீழ்த்த நம்பப்பட்டது அதே கைகால்தான்.

ஆகவே என் கணக்கில் இந்த வகைத் தொடர்களின் பலமும் பலவீனமும் ஒரே பாத்திரத்தில் குடியிருக்கின்றன. பயந்த போலீஸ்காரனைப் பார்த்துச் சிரிக்க வைக்கும்போது அவை அதிகாரத்தின் உள்கட்டைக் காட்டுகின்றன. அவனுக்குத் துணிவு வந்ததும் அவனையும் அடிதடியில் இறக்கிவிட்டு, தாங்கள் எழுப்பிய கேள்வியைத் தாங்களே கைவிடுகின்றன. உதைக்க ஒரு பாதிரியார் வராத காவல் நிலையத்தில் கூ தேயோங் எப்படி நிமிர்ந்து நிற்பார்? அதை எழுதத் துணியும் தொடர் இதைவிட வேடிக்கையாகவும் இருக்கும்.