தவறு செய்ய விடாத இரும்பு

அரக்கோணத்தில் ரயில்பாதை சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என நாலு பக்கமும் பிரிகிறது. இங்கே ரயில்கள் மோதாமல் காப்பதில் பெரும்பங்கு, ஒன்றுக்கொன்று முரணான சிக்னல்களை ஒருசேரக் கொடுக்க விடாத பூட்டமைப்பான இன்டர்லாக்கிங்குக்கு உண்டு. சிக்னல்களை இயக்கும் பழைய லீவர் வரிசையில் அதன் அழகு கண்ணுக்கே தெரியும்: லீவரோடு நகரும் பட்டையில் ஒரு வெட்டுப்பள்ளம், குறுக்கே வரும் இரும்புக்கட்டை அதில் விழுந்துவிட்டால், முரணான சிக்னலின் லீவரை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பெயின்ட்பால் துப்பாக்கியின் விசையைத் தடுக்கும் குறுக்கு ஊசியும் இதே வழிதான். ஆனால் அதை ஆடுபவர் நினைவாகப் போடவேண்டும். இதுவோ தானே பூட்டிக்கொள்கிறது. அதனால் இதுவே உயர்ந்தது என்பேன்.

இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி இன்டர்லாக்கிங்குக்குக் காப்புரிமை பெற்றது 1856-இல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் அரக்கோணம் வழியே ஓடியதும் அதே ஆண்டு, ஜூலை 1 அன்று.