விலை போய் ‘வ’ நின்ற கதை: சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி என்றதும் நினைவுக்கு வருபவை கவிஞர் வைரமுத்துவும் பூண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விற்பனைக்கு இறங்கி வருகிற முக்கியச் சந்தை இது. இங்கே கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவர் அன்றாட விலையைச் சொந்தத் தளத்தில் எழுத ஆசைப்பட்டால்? அந்தக் கற்பனை ஆளுக்காகத்தான் இந்தச் சோதனை. 1 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வர், உபுண்டு 24.04, என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மரியாடிபி, எல்லாவற்றுக்கும் மேலே வேர்ட்பிரஸ்.

மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் சேர்ந்து உருவாக்கி, 2003 மே 27இல் வெளிவந்த வலைப்பதிவு மென்பொருள் வேர்ட்பிரஸ். ‘ஐந்தே நிமிடத்தில் நிறுவலாம்’ என்பது அதன் பழைய பெருமை. பொய்யில்லை. சர்வர் தயாரான பிறகுதான் அந்த ஐந்து நிமிடக் கணக்கு தொடங்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். டேட்டாபேஸுக்குத் தனிப் பயனர், கோப்புகளுக்குச் சரியான உரிமை, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்று அதற்குள் ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும். கோப்பு உரிமை பிசகினால், பிளகின் ஏற்றப் போகும்போது எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். புதியவர்கள் முழிக்கிற இடம் அது.

அடுத்தது படம். செல்போனில் எடுத்த பூண்டு மூட்டைப் படம் 4 எம்பி வரும். 1 எம்பிக்கு மேல் போனாலே என்ஜின்எக்ஸ் 413 என்று திருப்பி அனுப்பும். அந்த வரம்பை உயர்த்தினால் பிஎச்பி 2 எம்பியில் மறிக்கும். இரண்டு இடத்திலும் மாற்றினால்தான் படம் ஏறும்.

தமிழில் எழுதுவதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் முகவரியில். ‘வடுகபட்டி பூண்டு சந்தை விலை’ என்று தலைப்பிட்டால், தானாக உருவாகும் முகவரி ‘வடுகபட்டி-பூண்டு-சந்தை-வ’ என்று அறுந்து நிற்கிறது! முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். குறியீடாக மாறும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 9 இடம் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியே 9. ‘வ’ வரை 192 ஆகிவிட, அதை ‘வி’ ஆக்கும் மேல்விலங்குக்கு இடமில்லை. வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பை ஒட்டினால் ரயில் நீளத்துக்குச் சதவீதக் குறியும் எண்ணுமாக ஓடும் என்பது தனி வேடிக்கை.

எழுத்தாளர் ஜெயமோகனின் தளமும் வேர்ட்பிரஸில்தான் ஓடுகிறது. அங்கே கட்டுரைகளின் முகவரி வெறும் எண். கடைக்காரருக்கும் அதுவே நல்லது. ஆனால் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நூறு பதிவுக்குப் பிறகு முகவரி அமைப்பை மாற்றினால் பகிர்ந்த பழைய இணைப்புகள் பழுதாகலாம்.

இன்னொன்று: நேரம் குறித்து வைத்த பதிவு. விடிகாலை நான்கு மணிக்கு விலை வரட்டும் என்று வைத்தாலும், அதன் பிறகு யாராவது தளத்தைத் திறந்தால்தான் வேர்ட்பிரஸ் கண் விழிக்கும். லினக்ஸின் கிரான் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும்.

2013இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிப் பிறந்த கோஸ்ட் வேர்ட்பிரஸைவிடத் துப்புரவான கருவி. பிஎச்பிக்குப் பதில் நோட்ஜேஎஸ்; சந்தாதாரருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. மொத்தமாக அனுப்ப மெயில்கன் கணக்கு தனியாக வேண்டும். பூண்டு விலைக்கு அது அதிகப்படி. வேர்ட்பிரஸ் போதும், எண் முகவரியோடு.