பத்தொன்பது முதுகுகள்

‘எ ஹீரோ ஃபார் டெய்சி’ இன்னும் பார்க்கவில்லையா? ஐயோ, என்ன ஆள் நீங்கள்! மேரி மாசியோ 1999இல் எடுத்த ஆவணப்படம். அவரே ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர். அதனால்தானோ என்னவோ, பார்க்கிற நமக்கே உள்ளங்கை காய்த்துப்போகிறது.

படம் சொல்லும் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட், எலும்பைத் துளைக்கிற குளிர், ஹூசடானிக் ஆறு. யேல் பல்கலைக்கழகப் பெண்கள் படகை வலித்துவிட்டுக் கரையேறுகிறார்கள். வியர்வையும் ஆற்றுத் தண்ணீருமாக உடுப்பு உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது, பல் கிடுகிடுக்கிறது. படகுத்துறைக் கட்டடத்தில் ஷவர் உண்டு, ஆனால் ஆண்களுக்கு மட்டும்! அவர்கள் சாவகாசமாகக் குளித்து, தலை துவட்டி வரும்வரை இவர்கள் ஈரத்தோடு பேருந்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவரான ஜின்னி கில்டருக்கு நிமோனியாவே வந்துவிட்டது. இத்தனைக்கும் அணியிலிருந்த கிறிஸ் எர்ன்ஸ்டும் ஆன் வார்னரும் 1975 உலகப் போட்டியில் அமெரிக்காவுக்கு வெள்ளி வென்ற எட்டுப் பேர் படகில் இருந்தவர்கள். வெள்ளி ஜெயித்த பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் கிடையாதாம்!

இப்போது வருகிறது பாருங்கள், 1976 மார்ச் 3! பெண்கள் விளையாட்டுத் துறை அதிகாரி ஜோனி பார்னெட்டின் அறைக்குள் 19 பேர் வரிசையாக நுழைகிறார்கள், கூடவே நியூயார்க் டைம்ஸுக்குச் செய்தி அனுப்பும் ஒரு மாணவரும் ஒரு புகைப்படக்காரரும், என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, சட்டென்று எல்லோரும் உடுப்பைக் கழற்றுகிறார்கள், முதுகிலும் மார்பிலும் மையால் எழுதியிருக்கிறது ‘டைட்டில் நைன்’, அதாவது படிப்பிலும் விளையாட்டிலும் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1972இலேயே வந்த சட்டத்தின் பெயர், எர்ன்ஸ்ட் அசையாமல் நின்று அறிக்கையை வாசிக்க வாசிக்க, நான் நடுராத்திரியில் கட்டில்மேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, எரியட்டுமே!

மறுநாள் பத்திரிகையில் செய்தி. பழைய மாணவர்கள் கொதித்துப்போனார்கள்; குளியலறை கட்டச் சொல்லிச் சிலர் காசோலையே அனுப்பினார்கள். அப்புறமென்ன, பெண்களுக்கும் உடைமாற்றும் அறை வந்தது, ஷவர் வந்தது. அதே வருஷம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வார்னர் வெண்கலமும் வாங்கினார். படம் முக்கால் மணி நேரம்கூட ஓடாது, அது ஒன்றுதான் குறை. அதையும் நான் குறையென்று சொல்ல மாட்டேன், இரண்டாம் தடவை பார்க்க வசதிதானே!

எர்ன்ஸ்ட் பிறகு என்ன ஆனார் தெரியுமா? 1986இல் இரட்டையர் படகில் உலக சாம்பியன். சரி, பிழைப்புக்கு? யேலில் படித்த அந்த அம்மாள் பாஸ்டனில் பிளம்பர் ஆனார்! ஆமாம் சுவாமி, பிளம்பர்! ஊராருக்குக் குழாய் மாட்டி, வெந்நீர் வரவைக்கிற வேலை!